அட்டைக் கம்பெனி வந்த குறுவை

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, பழைய மாணவர்கள் என்று பேனர் கட்டிக்கொண்டு நாம் எல்லாரும் கூடினோம். பாதிப் பேருக்கு முட்டி வலி. மீதிப் பேருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால், வளைகுடாவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்த நம் வகுப்புத் தோழர் மைக்கைப் பிடித்தார்.

“நம்ம காலத்துல வாய்க்கால் தண்ணிய ரெண்டு கையாலயும் அள்ளி அப்படியே குடிச்சோம். ஒரு சளி உண்டா, ஒரு வயித்து வலி உண்டா? இந்தக் காலத்துப் பசங்கதான் எல்லாத்தையும் கெடுத்துட்டானுங்க!”

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. தட்டிய ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தது. பந்தி முடிந்ததும் அந்தப் பாட்டில்களும் எச்சில் இலைகளும் மண்டபத்துக்குப் பின்னால் எதில் போய் விழுந்தன என்பதை நான் பார்த்தேன். கை கழுவப் போன நீங்களும் பார்த்தீர்கள்.

நானும்தான் கை தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் என் மேலேயே எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அள்ளிக் குடித்தோமா? நாம் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், குறுவை நடவு சமயத்தில், நம் ஊர் வாய்க்காலில் ஓடிய தண்ணீரை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. நீங்கள் மறந்துவிட்டீர்கள். உங்களுக்கு அது சௌகரியமாக இருக்கிறது.

அட்டைக் கம்பெனியாவது நினைவிருக்கிறதா? வைக்கோலைச் சுண்ணாம்போடு ஊறப்போட்டு, பெரிய கொப்பரையில் வேகவைத்து, கூழாக அரைத்து அட்டை செய்கிற ஆலை. ஊருக்கு மேற்கே, வாய்க்கால் நம் ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு திடல் இருந்ததே, அங்கேதான் கட்டினார்கள். கூழைத் தகடு தகடாக இழுத்து வெயிலில் காயப்போடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ராட்சசன் வீட்டில் வடாம் பிழிந்து காயவைத்த மாதிரி திடல் முழுக்க மஞ்சளாகத் தெரியும்.

திறப்பு விழாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு விட்டார்கள். நாதஸ்வரம் வைத்தார்கள். நாம் காகிதக் கொடியோடு வரிசையில் நின்றோம். மேனேஜர் வெளியூர்க்காரர், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே நம் எல்லாருக்கும் ஆளுக்கொரு பரீட்சை அட்டை கொடுத்தார். தலையில் பளபளவென்று கிளிப் வைத்த அட்டை. அதுவரை நாம் பழைய காலண்டர் அட்டையை வைத்துத்தான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தோம். அந்தக் கிளிப்பைத் திறந்து திறந்து மூடி, விரலைக் கடிக்கவிட்டு விளையாடியது எனக்கு இன்னும் கையில் இருக்கிறது. முகர்ந்தால் அதில் வைக்கோலும் சுண்ணாம்பும் மணக்கும்.

என் அப்பாதான் அந்த ஆலைக்கு வைக்கோல் ஏஜெண்ட். சுற்றுவட்டாரத்துக் களங்களில் எந்தப் போரைப் பிரிப்பது, எந்த வண்டியில் ஏற்றுவது என்று அவர்தான் சொல்வார். அவரைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு புயல் வருஷத்தில் வீட்டில் மாதக்கணக்கில் கிழங்கை அவித்துத் தின்றிருக்கிறார்கள். அவருக்கு நேர் இளைய தங்கை ஒருத்தி அந்த வருஷம்தான் போய்விட்டாள். அந்தப் பயம் அவரை விடவே இல்லை.

“மேட்டூரு தொறந்தா சோறு, தொறக்காட்டி பட்டினி. இன்னும் எத்தனை காலத்துக்கு அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கறது?” என்பார். “ஊருன்னு இருந்தா ஒரு புகைக்கூண்டு இருக்கணும்.”

கொப்பரை கொதிக்கிற நாளில் ஊர் முழுக்க ஒரு நாற்றம் வரும். மழையில் நனைந்து அழுகிய வைக்கோலைக் கிளறினால் வருமே, அதோடு முட்டை அழுகின வாடையும் சேர்ந்த மாதிரி. வீட்டுக்கு வந்தவர்கள் மூக்கைப் பிடித்தால் அப்பாவுக்குக் கோபம் வரும்.

“என்ன மூக்கைப் பிடிக்கறீங்க? இது சோத்து வாசனை. நல்லா இழுத்து வாங்குங்க!”

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் ‘நம் ஊருக்கு ஆலை தரும் நன்மைகள்’ என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு எனக்குத்தான். “ஆலையின் புகை முன்னேற்றத்தின் கொடி” என்று எழுதியிருந்தேன். தலைமை ஆசிரியர் பிரார்த்தனைக் கூட்டத்தில் அதை இரண்டு தடவை படித்தார். நீங்கள் அன்றைக்கும் கை தட்டினீர்கள்.

வீட்டில் சந்தோஷப்படாத ஒரே ஆள் அம்மா. காரணம், வைக்கோல் எல்லாம் ஆலைக்குப் போய்விட்டது. எங்கள் கொல்லையிலேயே போர் காலி. இரண்டு கறவை மாடும் தொட்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டே நிற்கும்.

“ஊர் வைக்கோலையெல்லாம் வண்டி கட்டி அனுப்புறீங்க. நம்ம மாட்டுக்கு என்ன, அட்டையை ஊறவச்சுப் போடறதா?” என்று அம்மா கேட்டார்.

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அந்த வருஷம் ஆனி மாதம் வாய்க்காலுக்குப் புதுத் தண்ணீர் வந்தது. செம்மண் கலங்கலாக, முன்னால் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்ததை நாம் ஓடிப்போய்ப் பார்த்தோம். குறுவைக்கு நாற்றங்கால் விட்டார்கள். பிறகு, நடவு தொடங்கிய நேரத்தில், முறை வைத்துத் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். நம் மதகை நாலைந்து நாள் அடைத்துவிடுவார்கள். ஆற்றுத் தண்ணீர் ஓடுகிறவரை ஒன்றும் தெரியவில்லை. மதகை அடைத்த பிறகு, வாய்க்காலில் நின்றது முழுக்க ஆலை விட்ட தண்ணீர்தான். டிக்காஷன் நிறம். ஓரமெல்லாம் மஞ்சள் நுரை.

இரண்டாவது நாள் காலையில் மீன் மிதந்தது.

கெண்டை, கெளுத்தி, கையளவு விரால், எல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு மேலே வந்தன. கொஞ்ச நேரத்தில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்தன. ஊரே வாய்க்காலுக்கு ஓடியது. கூடை, சல்லடை, அண்டா, வேட்டி, எது கையில் கிடைத்ததோ அதில் அள்ளினார்கள். அப்படி ஒரு கும்மாளத்தை நம் ஊரில் நான் தேர்த் திருவிழாவுக்குக்கூடப் பார்த்ததில்லை. “தூண்டில் வேணாம், வலை வேணாம், தானா வருதுடா!” என்று பெரியவர்கள் குதித்தார்கள். ஏன் தானாக வருகிறது என்று அவ்வளவு பேரில் ஒருத்தர் கேட்கவில்லை. நான் என் பாவாடையை ஏந்தி நிறையக் கெண்டை பிடித்துக்கொண்டு போனேன்.

அம்மா குழம்பு வைத்தார். எத்தனை புளி கரைத்தும் சுண்ணாம்பு வாடை போகவில்லை. அம்மா தொடவில்லை. அப்பா வீம்புக்கு இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார். மறுநாள் தெருவில் வீட்டுக்கு இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்கள். “மாங்கா சீசன், கண்டதையும் தின்னா இப்படித்தான்,” என்றார் அப்பா. அவரும்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. இன்றைக்கு அதே வாய்க்காலில் வேறொரு ஆலை, நெல் ஊறவைத்த தண்ணீரை விடுகிறது. போன வருஷம் நான் ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மூடச் சொல்லி எழுதவில்லை, சுத்தம் செய்துவிட்டு விடுங்கள் என்றுதான் எழுதியிருந்தேன். உங்களில் சிலர் வீட்டுக்கும் வந்தேன்.

“என் மருமகன் அங்கதாங்க சூப்பர்வைசர்.”

“நாங்க கேன் தண்ணி வாங்கறோம். எங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல.”

“முதல்ல நீங்க ஸ்கூட்டர் ஓட்டறத நிறுத்துங்க டீச்சர், அப்பறம் மனு எழுதலாம்.”

வாசலில் ‘இயற்கையைக் காப்போம்’ என்று கோலம் போட்டுப் பரிசு வாங்கிய வீட்டில், “கையெழுத்தெல்லாம் வேணாம், மனசால உங்க பக்கம்தான்,” என்றார்கள். மொத்தம் மூன்று கையெழுத்து கிடைத்தது. அதில் ஒருவர் மறுநாள் காலையில் வந்து காபி குடித்துவிட்டு, தன் பெயரை அடித்துவிட்டுப் போனார். கூட்டத்தில் கை தட்டுகிற கைக்குப் பேனா பிடிக்க வராதா?

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

நம் தெருவுக்கு நடவு ஆட்களைக் கூட்டி வருகிற அம்மா ஒருவர் இருந்தார். கொத்துக்காரம்மா என்று எல்லாரும் கூப்பிடுவோம். அவர் பின்னால் இருபது, முப்பது பெண்கள் வருவார்கள். எந்த வயலில் என்றைக்கு நடவு என்பதை அவர்தான் முடிவு செய்வார். என் அம்மாவைவிட மூத்தவர். ஆனாலும் அந்த நாளில் அவரை நான் ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவேன். எங்கள் வீட்டுக்குக் கொல்லை வழியாகத்தான் அவர் வர வேண்டும். அப்படித்தான் நம்மை வளர்த்தார்கள். இப்போதுதான் ‘அவர்’ என்று எழுதுகிறேன்.

மீன் மிதந்த நாலாம் நாள் அவர் கொல்லையில் வந்து நின்றார். கூட ஏழெட்டுப் பெண்கள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. நகக்கண்ணில் சீழ்.

“காலை வச்சா எரியுதுங்கய்யா. சுண்ணாம்புக் காளவாய்ல நிக்கற மாதிரி இருக்கு. பொம்பளைங்க ராத்திரி தூங்க மாட்டேங்கறாங்க.”

“சேத்துப்புண்ணு எல்லா வருஷமும் வர்றதுதானே?” என்றார் அப்பா.

“சேத்துப்புண்ணு எங்களுக்குத் தெரியாதாய்யா? நான் பத்து வயசுல வயல்ல எறங்கினவ. இது வேற. கம்பெனித் தண்ணிய வேற பக்கம் திருப்பச் சொல்லுங்க. இல்ல, ஒரு குட்டை வெட்டி அதுல விடச் சொல்லுங்க. நீங்க சொன்னா மேனேஜரு கேப்பாரு.”

“இப்பத்தான் கம்பெனி காலை ஊனுது. அதுக்குள்ள அதைச் சொல்லு, இதைச் சொல்லுன்னா மூட்டை கட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிடுவான். ஒன் மகனுக்கே அங்க வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன், தெரியுமா?”

கொத்துக்காரம்மா தூக்கிய புடவையை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, “தண்ணி மாறற வரைக்கும் நாங்க எறங்கல்லய்யா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் நடவு நின்றது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. தெருவில் நிலம் வைத்திருந்த அத்தனை பேருக்கும் கோபம் வந்தது. ஆலை மேல் இல்லை, அந்தப் பெண்கள் மேல். “திமிரு”, “யாரோ தூண்டி விடறான்”, “கால்ல எண்ணெய் தடவிக்கிட்டு எறங்க வேண்டியதுதானே?” இப்படித்தான் பேச்சு. இப்போது நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது: இத்தனை பேசிய ஒருவரும் ஒரே ஒரு நாழிகை அந்தத் தண்ணீரில் காலை வைத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் வேறொரு கூத்து நடந்தது. எங்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் வாய்க்கால் தண்ணீர்தான். தவலையில் பிடித்துத் தெளியவைப்போம். மீன் குழம்புக்குப் பிறகு அம்மா ஒரு வார்த்தை பேசாமல், வயலில் இருந்த எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் போனால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று, விடியற்காலையில் கோயில் கிணற்றுக்குப் போய் இரண்டு குடம் சுமந்துகொண்டு வந்து தவலையை நிரப்ப ஆரம்பித்தார். அப்பாவுக்குச் சொல்லவில்லை. அப்பா எழுந்து பல் துலக்கி, காபியைக் குடித்துவிட்டு, வாசலில் வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்:

“நான் தினம் குடிக்கறேனே, இந்தத் தண்ணிக்கு என்ன கேடு? காபி எப்படி இருக்கு பாருங்க!”

அம்மா கதவுக்குப் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அம்மா ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. ஒரே ஒரு காலை, “அது கோயில் கிணத்துத் தண்ணி,” என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்று இரண்டு குடத்தைச் சுமப்பதே மேல் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. நம் அம்மாக்கள் அப்படித்தான் எத்தனையோ தண்ணீரைச் சுமந்தார்கள்.

கொத்துக்காரம்மா சும்மா இருக்கவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் போய் ஒரு மனு எழுதி, எல்லாப் பெண்களிடமும் கைநாட்டு வாங்கி அனுப்பிவிட்டார். பத்து நாளில் தஞ்சாவூரிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். தண்ணீரைப் பரிசோதிக்க எடுத்துப் போக வேண்டுமாம்.

ஜீப் நேராக எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. அப்பா நாற்காலி போட்டார், அம்மா கதவோரம் நின்றார். அதிகாரி நல்ல வெள்ளைச் செருப்பு போட்டிருந்தார். வாய்க்கால் கரை எப்படி இருக்கும் என்று கேட்டார். சேறு என்றார் அப்பா. “அப்ப யாரையாவது விட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்களேன்,” என்று தோல் பையிலிருந்து இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை எடுத்து வைத்தார்.

அப்பா பாட்டில்களை என் கையில் கொடுத்தார். என்னோடு கொல்லைக் கதவுவரை வந்தார். குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

“நம்ம மோட்டார் கொட்டகையில புடிச்சிட்டு வாம்மா.”

“வாய்க்கால் தண்ணிதானே கேட்டாங்க?”

“எல்லாம் ஒரே பூமித் தண்ணிதான். போ, ஓடு. நல்லா அலசிட்டுப் புடி.”

எனக்குப் பன்னிரண்டு வயது. தெரியாத வயது என்று தயவுசெய்து யாரும் எனக்காகப் பேச வேண்டாம். தெரிந்துதான் போனேன். சொல்லப்போனால் பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு பெரிய காரியத்தை அப்பா என்னை நம்பிக் கொடுத்திருக்கிறாரே என்று. மோட்டார் கொட்டகையில் தண்ணீர் குளிர்ச்சியாக, சத்தத்தோடு கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டிலை அலசி, கழுத்துவரை நிரப்பி, தக்கையை அழுத்திக்கொண்டு வந்தேன்.

அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பரவாயில்லையே, கண்ணாடி மாதிரி இருக்கு!”

லேபிள் ஒட்டி, வாய்க்கால் பெயரை அழகாக எழுதினார். அதற்குள் கொத்துக்காரம்மா நாலைந்து பேரோடு வந்து தெருவில் நின்றார்.

“ஐயா, ஒரு நடை வந்து கண்ணால பாத்துட்டுப் போயிடுங்கய்யா. இந்தாதான், கூப்பிடு தூரம்.”

“அதான் பாட்டில்ல இருக்கேம்மா. இதை மெஷின்ல வச்சுப் பாத்தா எல்லாம் சொல்லிடும்,” என்றார் அதிகாரி.

“எங்க காலையாவது பாருங்க.”

“காலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. நான் தண்ணி டிபார்ட்மென்ட்.”

அப்பா சிரித்தார், அதிகாரியும் சிரித்தார். கொத்துக்காரம்மா என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஜீப் போய்விட்டது.

தண்ணீரில் குற்றம் இல்லை என்று காகிதம் வந்தது. அப்பா அதைப் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டினார். “கவர்மெண்டே சொல்லிட்டான், இனிமே என்ன?” என்று தெருவில் எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். வெளியூரிலிருந்து நடவு ஆட்களைக் கூட்டி வரப்போவதாகவும் பேச்சு கிளம்பியது. வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒவ்வொருவராக வயலில் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவர் கொத்துக்காரம்மா. அந்த வருஷம் நடவுப் பாட்டே கிடையாது. குனிந்த முதுகுகள் மட்டும் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தன. வரப்பில் ஒரு சட்டியில் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் வைத்திருந்தார்கள்.

ஆடி முடிவதற்குள் அவருடைய வலது கால் வீங்கிவிட்டது. புண் புரையோடிப்போய், மாட்டு வண்டியில் போட்டு பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று விரலை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். “அந்தம்மாவுக்குச் சர்க்கரை இருந்துச்சாம்,” என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். இருந்திருக்கலாம். சர்க்கரை இல்லாத பெண்களுக்கும்தான் கால் வெந்தது.

அப்பா ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனார். ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனார். இரண்டாவது தடவை போய்வந்த அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஏதோ உள்ளே உடைந்துவிட்டது, இனி மேனேஜரிடம் போய்ப் பேசுவார் என்று நான் நினைத்தேன். மறுநாள் காலையில் வழக்கம்போல வைக்கோல் வண்டிகளை எண்ணிவிட அவர் களத்துக்குப் போனார். சொன்னபடி கொத்துக்காரம்மாவின் மகனுக்கு ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்தார். கூழ் அரைக்கிற இடத்தில். அப்பாவுக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான்.

எட்டு வருஷம் கழித்து ஆலை மூடியது. தண்ணீருக்காக யாரும் மூடவில்லை. வைக்கோல் அட்டையை வாங்க ஆள் இல்லை என்று மேனேஜர் ஒரு நாள் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அப்போது கும்பகோணத்தில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். ஆலையைத் திறக்கச் சொல்லி வாசலில் ஊரே உட்கார்ந்தது. பந்தல் போட்டார்கள். “ஊர் வயித்துல அடிக்காதே!” என்று அப்பா தொண்டை கிழியப் பேசினார். மீன் மிதந்தது, நடவு நின்றது, எதையும் ஒருத்தரும் பேசவில்லை. எட்டு வருஷம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்களெல்லாம் அந்த நாற்றம் இல்லாமல் ஊரே செத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று அழுதார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் பஸ்ஸுக்காக அந்தப் பக்கம் போனபோது, பந்தலின் ஓரத்தில் கொத்துக்காரம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பு. காலை நீட்டி வைத்திருந்தார். என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கிட்டே போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டேன்.

“அன்னிக்கு அந்த ஆபீசர் பாட்டில்ல நான் புடிச்சது வாய்க்கால் தண்ணி இல்ல.”

“தெரியும்,” என்றார்.

“எப்படி?”

“ஒன் பாவாடை ஓரத்துல ஒரு பொட்டு சேறு இல்ல. வாய்க்கால்ல எறங்கித் தண்ணி மொண்டவ அப்படியா வருவா? எனக்குத் தெரியும். அந்த ஆபீசருக்கும் தெரியும். கதவுகிட்ட நின்ன ஒங்கம்மாவுக்கும் தெரியும்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“யார்கிட்ட சொல்றது?”

பந்தலில் யாரோ கோஷம் போட, எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். அவரும் கையை உயர்த்திச் சொன்னார். “ஆலையைத் திற! ஆலையைத் திற!” எனக்குத் தாங்கவில்லை.

“இந்த ஆலைக்காக நீங்க வந்து உக்காந்திருக்கீங்களே?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. மக்குப் பிள்ளையைப் பார்க்கிற வாத்தியார் மாதிரி, அலுத்துப்போய்ப் பார்த்தார்.

“கால் போனது போனதுதான் பாப்பா. அதுக்காக எம்மவன் வேலையும் போகணுமா? தண்ணிய ஒரு குட்டையில விடுங்கடான்னுதான் நான் கேட்டேன். ஆலைய மூடுங்கடான்னு எப்பக் கேட்டேன்? ஒங்கப்பாவுக்கும் அது புரியல, படிச்ச ஒனக்கும் புரியலயா?”

அவர் கம்பை எடுத்து ஊன்றி, கொஞ்சம் நகர்ந்து எனக்கு நிழலில் இடம் விட்டார்.

“கோஷம் போடறதுன்னா இப்படி உக்காந்து போடு. இல்லன்னா வெயில்ல நிக்காம கெளம்பு.”

நான் கோஷம் போடவில்லை. கிளம்பவும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவள் மாதிரி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். கும்பகோணம் பஸ் வந்ததும் எழுந்து ஓடிப்போய், ஜன்னல் ஓரத்தில் ஒரு இடம் பிடித்துக்கொண்டேன்.